மூன்று நாள் புகை

அன்பு மகள் கவிப்பிரியாவுக்கு, படப்பையிலிருந்து அப்பா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து நன்றாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. பாளையங்கோட்டை ஹாஸ்டலில் போன் தருவதில்லை என்பதால் நீ கடிதம் எழுதப் பழகிவிட்டாய், எனக்கு சர்வீஸ் ரிப்போர்ட் எழுதித்தான் பழக்கம், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள் தாயி. நீ ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தாய், பத்தாம் வகுப்பு இங்கேயே படிக்கவா, இல்லை உங்களிடம் வந்துவிடவா என்று. அங்கேயே தொடர்வதற்கு வார்டன் அனுப்பிய ஹாஸ்டல் படிவமும் கூடவே வந்தது, இருபதாம் தேதிக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமாம். அது டிவி மேலேயே இருந்தது, தினமும் எடுத்துப் பார்ப்பேன், திரும்ப வைத்துவிடுவேன். சொர்ணம்மாள் பெரியம்மா போன் பண்ணி, பொம்பளப்புள்ளய அங்க கூட்டிட்டுப் போயி யாரு பாக்கது, நீங்க ஷிப்டுக்குப் போயிட்டா அது ஒத்தையில கெடக்குமாய்யா என்று கேட்டாள். அது சரிதான். கீழ்வீட்டு ராஜாமணி அண்ணன், தாயில்லாத புள்ளய தகப்பனும் தள்ளி வச்சா எப்படி என்றார். அதுவும் சரிதான். யார் பேசும்போதும் அவர்கள் சொல்வது சரியாகவே படுகிறது.

இதற்கு நடுவில் வேலையில் ஒன்று நடந்தது, அதை உன்னிடம் சொல்ல வேண்டும். ஒரகடத்தில் நான் பார்க்கிற கேன்டீன்களில் பெரியது ஒன்று, மூன்று ஷிப்டுக்கும் சேர்த்து நாலாயிரம் சாப்பாடு. அங்கே அடுப்புக்கு மேலே புகையை இழுத்து மொட்டைமாடி வழியாக வெளியே தள்ளுகிற ஃபேன் இரைந்துகொண்டே இருந்தது, பேரிங் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை மோட்டாரைக் கழற்றி, பேரிங் மாற்றி, வயரைத் திரும்பக் கொடுத்துவிட்டு வந்தேன். திங்கட்கிழமையிலிருந்து கிச்சன் முழுக்கப் புகை. ஃபேன் ஓடுகிறது, சத்தமும் ஒழுங்காக இருக்கிறது, புகை மட்டும் போகவில்லை. நான் எண்ணெய்ப் பிசுக்கு பிடிக்கிற ஃபில்டர் பதினெட்டையும் கழற்றி வெந்நீரில் சோடா போட்டு ஊறவைத்துக் கழுவினேன். பெல்ட்டை மாற்றினேன். குழாய்க்குள் பாதி உடம்பை விட்டு ஒரு பக்கெட் பிசுக்கு சுரண்டினேன். புகை அப்படியே நிற்கிறது. தலைமைச் சமையல்காரர் தசரதன், இந்த ஊர்க்காரர், இன்னா சார், உன் ஃபேன் ஷோக்குக்கு ஓடுதா என்கிறார். சப்பாத்திக் கல்லில் நிற்கும் மஞ்சுளா, கண்ணு செவந்து வூட்டுக்குப் போனா எங்க மாமியா, நான் ஒண்ணும் சொல்லலியே, எவ உன்ன அழ வச்சதுன்னு கேக்குதுண்ணா என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

மூன்றாம் நாள் மதியம் தசரதன் மாடிக்கே ஏறி வந்துவிட்டார். நீ கை வச்ச நாள்லேந்துதான் இப்டி கீது, ஊரெல்லாம் கழுவிக்கினு கீறியே, நீ இன்னா பண்ணேன்னு பாத்தியா என்றார். எனக்குக் கோபம் வந்தது. பதினைந்து வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டே சுவிட்சை அணைத்தேன். ஃபேன் வேகம் குறைந்து நிற்கப்போகும் கடைசி நேரத்தில்தான் கண்ணுக்குத் தெரிந்தது, அது திருப்பிச் சுற்றுகிறது. மூன்று வயரில் இரண்டை நான் இடம் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். இந்த மாதிரி ஃபேன் திருப்பிச் சுற்றினாலும் கொஞ்சம் காற்றைத் தள்ளும், சத்தம் போடும், கீழே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால்தான் வயர் கொடுத்ததும் சுற்றும் பக்கத்தைப் பார்க்காமல் கீழே இறங்காதே என்று புதுப் பையன்களுக்கு முதல் நாளே சொல்வேன். நான் பார்க்காமலே இறங்கியிருக்கிறேன். பார்த்தேனா இல்லையா என்றுகூட ஞாபகம் இல்லை. ரிப்போர்ட்டில் பார்த்ததாக டிக் போட்டிருக்கிறது, என் கையெழுத்துதான்.

இரண்டு வயரை மாற்ற ஐந்து நிமிஷம். புகை போய்விட்டது. கீழே வந்ததும் தசரதன் தட்டில் சாதம் போட்டு நீட்டினார். சாப்பிட உட்கார்ந்தபோது உன் அம்மா ஞாபகம்தான் வந்தது. அவள் மேலு காயுது என்று சொன்ன அன்று மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு ஓவர்டைம் பார்க்கப் போனேன். மறுநாளும் போனேன். நீங்க போயிட்டு வாங்க, எனக்கு ஒண்ணுமில்ல என்றாள், நானும் ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டேன். நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது ரொம்பத் தாமதம் என்றார்கள். இதை உன்னிடம் நான் சொன்னதில்லை. அவள் போன இந்த எட்டு மாதமாக நான் எதைப் பார்த்தேன், எதைப் பார்க்காமல் இறங்கிவிட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. நீ இங்கே வந்து, உனக்கும் ஒரு நாள் உடம்பு சுட்டால் எனக்குத் தெரியுமா? அந்தப் பயத்தில் ஹாஸ்டல் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று அன்றைக்கே முடிவு பண்ணினேன்.

தட்டு அப்படியே இருப்பதைப் பார்த்துவிட்டு மஞ்சுளாதான் என்ன விஷயம் என்று கேட்டாள், எல்லாம் சொல்லி, என்ன செய்யலாம் என்றும் கேட்டேன். பெரிம்மாவ கேட்ட, கீழ்வூட்டுக்காரர கேட்ட, என்னிய கூட கேட்டுட்ட, புள்ள இன்னா சொல்லுதுண்ணா என்றாள். வீட்டுக்கு வந்து உன் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். உனக்கு எது இஷ்டம் என்று நீ எழுதவேயில்லை, நானும் கேட்கவேயில்லை.

அதனால் ஹாஸ்டல் படிவத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உன் பள்ளிக்கூட டி.சி. கேட்டு ஒரு விண்ணப்பமும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இரண்டும் இந்தக் கவரில் இருக்கிறது. வேண்டாததைக் கிழித்துவிடு. எதைக் கிழித்தாலும் அப்பாவுக்கு வருத்தமில்லை என்று எழுத வந்தேன், அது பொய். நீ வந்தால் எனக்குப் பயமாக இருக்கும், வராவிட்டால் இந்த வீடு இப்படியே இருக்கும். ஆனால் என் பயத்துக்காக நீ அங்கே இருக்க வேண்டாம், எனக்குத் துணைக்கென்று நீ இங்கே வரவும் வேண்டாம். வந்தால், உடம்பு முடியவில்லை என்றால் ஒன்றுமில்லை என்று மட்டும் என்னிடம் சொல்லாதே, நான் நம்பிவிடுவேன்.

நீ மனம் நிறைந்து நீண்ட காலம் இருக்க வேண்டும், அம்மா உன்னோடு இருப்பாள். இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை, கிழிக்காததை அதற்கு முன்பே வார்டனிடம் கொடுத்துவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா
அருள்பாண்டி