தொப்பியில் விழுந்த ஃபோகஸ்

அன்புள்ள எவுலாலியா,

உன் முதுகுவலி குறைந்ததா? நான் சுகம்தான், மான்டெர்ரேயில் வெயில்தான் கொஞ்சம் அதிகம்.

சனிக்கிழமை ஒரு பெண்ணின் பதினைந்தாம் பிறந்தநாள் விழாவில் படமெடுத்தேன். நம் வழக்கப்படி அவள் அப்பா மண்டியிட்டு, தட்டைச் செருப்பைக் கழற்றி முதல் ஹை ஹீல்ஸை மாட்டிவிடும் நேரம். ஃபோகஸ் புள்ளியை கேமராவே தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டிருந்தேன். அது முன்னால் தெரிந்த அவருடைய தொப்பியைப் பிடித்துக்கொண்டது; மகளின் முகம் மங்கல். திரையை எட்டிப் பார்த்த அவள் அம்மா, "ஏங்க போட்டோக்காரரே, பதினஞ்சு வயசு ஆவுறது எம் பொண்ணுக்கா, இவரு தொப்பிக்கா?" என்றாள். மண்டபமே சிரித்தது.

பாவம், மனிதர் மறுபடி மண்டியிட்டார். இந்த முறை ஃபோகஸ் வேலையை ஷட்டரிலிருந்து கேமராவின் பின்பக்கப் பொத்தானுக்கு மாற்றினேன். ஒரே புள்ளியைப் பெண்ணின் கண்ணில் வைத்து, கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தி, விரலை எடுத்துவிட்டேன். பிறகு குறுக்கே எது வந்தாலும் ஃபோகஸ் அசையவில்லை.

நம் மகள் இட்ஸாயானா சின்னதில் உன் ஹீல்ஸை மாட்டிக்கொண்டு முற்றத்தில் கோழி விரட்டுவாளே, அந்த டக் டக் சத்தம் அப்போது காதில் கேட்டது. அவள் பாதத்தைக் காகிதத்தில் வரைந்து அனுப்பு. செருப்பு நான் வாங்குகிறேன். மே மாதம் அவளுக்கும் பதினைந்து ஆகிறது, ஆனால் லீவு கிடைப்பது சந்தேகம். நான் வராவிட்டால் உன் தம்பி மண்டியிடட்டும்.

அடுத்த விழாவுக்குக் கிளம்ப ஸ்டூடியோ முதலாளி வாசலில் ஹாரன் அடிக்கிறார். தம்பியிடம் தொப்பியை மட்டும் கழற்றிவிடச் சொல்.

உன் ஃபெர்மின்