கெர்னலில் பேசிக்கொண்டிருந்த தம்பிக்கு

என் செல்ல இசக்கி,

ஐந்தருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டது. தென்காசி ஆபீசே மதியத்தோடு குளிக்கப் போய்விட்டது. என்னையும் கூப்பிட்டார்கள். நீ இல்லாமல் நான் யாரோடு போக?

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நாம் இருவரும் எழுதினோமே, வயல் மோட்டாரை ஓட்டும் பெட்டியின் அடிப்படை மென்பொருளான கெர்னல், அது என்ன செய்கிறது என்று திரையில் வரி வரியாகச் சொல்லும் டீபக் பிரிண்ட்டுகளை விற்பனைக்குப் போகும் பதிப்பில், அதாவது பில்டில், நிறுத்திவிடலாம் என்கிறார் மேனேஜர். காய்ச்சல் என்று லீவு போட்ட நீ திரும்பி வராத பிறகு கெர்னல் என் பொறுப்பு. நான் சரி என்றால் உன் பேச்சை நானே நிறுத்தியது போலாகும்.

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு வரியும் திரைக்குப் போய்ச் சேரும்வரை கெர்னல் காத்துக் கிடக்கிறது. உள்ளே எது எங்கே இருக்கிறது என்பதையும் ஊருக்கே சொல்லிவிடுகிறது. இதை நான் சொன்னபோது நீ கேட்டாயா?

"எக்கா, வாயைக் கட்டிட்டு வேலை பாக்கச் சொல்லுதியே, நின்னு போச்சுன்னா எங்கன நிக்குன்னு எப்படித் தெரியும்?" என்று சண்டைக்கு வந்தாய். வாயாடி. மற்றவர்கள் இங்கிலீஷில் எழுதும் இடத்தில் நீ 'மெமரி கிட்ட நிக்கேன்', 'டைமரைத் தாண்டிட்டேன்' என்று எழுதினாய். பெட்டி நின்றால் விவசாயிகள் போனில் கடைசி வரியை வாசிப்பார்கள். நீ சிரித்துக்கொண்டே பழுதைச் சொல்லுவாய்.

இப்போது காலையில் வந்ததும் பெட்டியை ஆன் செய்து அந்த வரிகளை நான் வாசிக்கிறேன். ஆபீசில் என்னோடு பேசுவது அது ஒன்றுதான்.

போன வாரம் கடையத்திலிருந்து ஒரு அண்ணாச்சி கூப்பிட்டார். "ஏம்மா, மோட்டாரு ஓடல. 'வோல்டேஜ் பாக்கேன், பொறு'ன்னு காட்டுது. தம்பிகிட்ட போனைக் குடு." காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. "வெளிய போயிருக்கான் அண்ணாச்சி" என்றேன். உன் வரியை வைத்தே பழுதைக் கண்டுபிடித்துச் சொன்னேன். போனை வைத்துவிட்டு அழுதேன்.

இன்று முடிவு சொல்லிவிட்டேன். பழுதைச் சொல்லும் வரிகள் மட்டும் விற்பனை பில்டில் இருக்கும். மற்றதெல்லாம் சோதனை பில்டோடு சரி. நீயும் கடைசியில் இதற்கு ஒத்துக்கொண்டிருப்பாய், இல்லையா?

புது பில்டை ஏற்றிப் பெட்டியை ஆன் செய்தேன். ஒரு வரிகூட வரவில்லை. மோட்டார் சட்டென்று ஓடியது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. என்னால்தான் அங்கே உட்கார முடியவில்லை. நீ போய்விட்டாய் என்பது அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

என் மேசைமேல் இருக்கும் பெட்டியில் மட்டும் சோதனை பில்டுதான் இருக்கும். அதில் ஒரு வரியைக்கூட யாரையும் தொடவிட மாட்டேன். அந்த அண்ணாச்சி அடுத்த முறை உன்னைக் கேட்டால், உண்மையைச் சொல்லிவிடுவேன் இசக்கி.

உன் வாயை ஒருநாளும் அடக்க முடியாத,
உன் அக்கா