என் சம்பந்தி ஒரு பிரதி மந்திரி

பாசத்துக்குரிய சம்பந்தி ஐயா,

நீங்கள் போனபிறகு வந்திருக்கும் முதல் பனிக்காலம் இது. பிக்கரிங் வீட்டு வாசலில் உங்கள் மகன் ஸ்னோ தள்ளுகிறார், என் மகள் உள்ளே நின்று ஏவல் சொல்கிறாள். நம் பேத்திக்கு முன்பல் விழுந்துவிட்டது. உங்கள் மொழியும் வராது, என் மொழியும் வராது. இப்போது ஆங்கிலமும் பாதி காற்றாகத்தான் வருகிறது.

உங்களுக்குத் தமிழ் தெரியாது. மகளுக்கு அதை வாசிக்கத் தெரியாது. அந்தத் துணிவில்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தானுக்குச் சம்பந்தி அரசாங்க உத்தியோகத்தர் என்றால் கால் நிலத்தில் படாது. நீங்களோ வியட்நாமில் ஒரு மாவட்ட நெல் கொள்முதல் கந்தோரில் கிளாக்கராகத் தொடங்கி, பிரதி மந்திரி வரை ஏறியவர். மகள் வேற்றுநாட்டுப் பெடியனை விரும்புகிறாள் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்திருந்த நான், இதைக் கேட்டதும் எழும்பி இடியப்பம் சாப்பிட்டேன்.

எப்படி ஏறினீர்கள் என்று நமக்குள் ஓடும் அரைகுறை ஆங்கிலத்தில் ஒருநாள் கேட்டேன். பக்கத்து மாவட்டம் என்ன விளைச்சல் காட்டுகிறது என்று தெரியும்வரை உங்கள் மாவட்டத்துக் கணக்கை எழுதமாட்டீர்களாம். ஆகக் கூட்டவும் மாட்டீர்களாம், ஆகக் குறைக்கவும் மாட்டீர்களாம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தக் கணக்கின்படி அரசாங்கத்துக்கு நெல்லைக் கொடுத்துவிட்டு வயல்காரர் எதைச் சாப்பிட்டார்கள்? அதை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்களா?

ஓர் அரசாங்கத்துக்குப் பயந்து ஓடிவந்த அகதி நான். எனக்கல்லவா முதலில் தோன்றியிருக்க வேண்டும் அந்தக் கேள்வி?

ஓய்வுபெற்று மகனிடம் வந்தபின், அஜின்கோர்ட் மால் சாப்பாட்டு மண்டபத்தில் செவ்வாய்தோறும் உங்கள் நாட்டுக்காரரோடு சீனச் சதுரங்கம் ஆடுவீர்கள். அவர்கள் உங்கள் அரசாங்கத்துக்குப் பயந்து படகேறியவர்கள். அவர்களிடம் நீங்கள் வாத்தியார் என்று சொல்லியிருந்தது எனக்குத் தெரியாது. ஒரு செவ்வாய் என்னோடு அங்கே கோப்பி குடிக்க வந்த கந்தையா அண்ணை உங்களைப் பார்த்துவிட்டார்.

“உவரோ உம்மட சம்பந்தி? பாத்தா பஸ்ஸுக்கு நிக்கிற ஆள் மாதிரியெல்லோ கிடக்கு!”

என் மானம் போய்விட்டது. “என்னண்ணை சொல்லுறியள்? உவர் பிரதி மந்திரியா இருந்தவர்!” என்றேன். சபைக்கு விளங்கட்டும் என்று ஆங்கிலத்திலும் முழங்கினேன். கல்யாண வீடுகளில் பகடி விட்டுப் பழகிய குரல், ஒலிவாங்கி தேவையில்லை.

உங்களுக்கு எதிரே இருந்த தொப்பிக்காரர் உங்கள் மொழியில் ஏதோ கேட்டார். நீங்கள் ஓமென்று தலையாட்டினீர்கள். மேசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

காருக்குள் நீங்கள் என்னை ஏசவேயில்லை. சூப் ஆறிப்போனதாக மட்டும் சொன்னீர்கள். பிறகு நீங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. வீட்டு ஜன்னலோரம் இருந்து உங்களோடு நீங்களே சதுரங்கம் ஆடினீர்கள். என் வாய் சும்மா இருக்குமா? “பயப்பிடாதேங்கோ, எப்பிடியும் நீங்கள்தான் வெல்லுவியள்” என்று அதற்கும் ஒரு பகடி விட்டேன்.

உங்கள் செத்தவீட்டுக்கு என் ஆட்கள் மண்டபம் நிறைய வந்தார்கள். உங்கள் மேசைக்காரர் ஒருவரும் வரவில்லை.

போன கிழமை அதே மாலில் தொப்பிக்காரர் என்னை மறித்து, மந்திரி எங்கே என்று கேட்டார். நீங்கள் இல்லை என்றேன். பக்கத்தில் கிடந்த கதிரையில் இருந்துவிட்டார். அவர் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னதை என் ஊர்ப் பேச்சில் எழுதுகிறேன்.

“படகில என்ர தங்கச்சி செத்த கதையை அந்தாளுக்குத்தான் முழுக்கச் சொன்னனான். வாத்தியார் எண்டு சொல்லிப்போட்டு எல்லாத்தையும் கேட்டுக்கொண்டு இருந்தவர். திரும்பி வரட்டும், நல்லா ஏசவேணும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்.”

“ஏசிப்போட்டு?”

“பிறகென்ன, விளையாட ஆள் வேணுமே?”

ஐயா, அந்த மனிதர் உங்களுக்காகக் காத்திருந்திருக்கிறார். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், என்றைக்காவது ஒரு செவ்வாய்க்கிழமை நீங்களே அவரிடம் உண்மையைச் சொல்லியிருப்பீர்களா? கடைசிவரை வாத்தியாராகவே இருந்திருப்பீர்களா? இனி அது யாருக்கும் தெரியவராது.

வருகிற செவ்வாய் அவர் மேசைக்குப் போகிறேன். எனக்குச் சதுரங்கம் தெரியாது. ஏச்சு வாங்கத் தெரியும், கல்யாணம் கட்டியவன்தானே. உங்களுக்கென்று வைத்திருந்ததையும் எனக்கு உரியதையும் சேர்த்து அவர் ஏசட்டும். அந்தத் தங்கச்சியின் கதையைச் சொன்னால் முழுவதும் கேட்பேன். இடையில் ஒரு பகடியும் விடமாட்டேன், சத்தியம்.

நம் பேத்தியின் அம்மப்பா,
உங்கள் வாய்க்காரச் சம்பந்தி