ஒற்றைச் சக்கரத்துக்கு ஓர் எலுமிச்சை

ஒரு திருவடி ஊன்றி, ஒரு திருவடி தூக்கி, உலகம் சாயாமல் ஆடும் அம்பலவாணன் துணை நிற்க.

அன்புள்ள நண்பரே,

ஆயுத பூசைக்கு எலுமிச்சை வாங்கக் காலையில் கடைவீதிக்குப் போயிருந்தேன். "எத்தன சக்கரம் பெரியவரே?" என்று பழக்காரம்மா கேட்டாள். ஒன்று என்றேன். "ஒத்தச் சக்கரத்துல என்ன வண்டி ஓடுது?" என்று சிரித்துக்கொண்டே ஒரு பழத்தைக் கையில் வைத்தாள். அந்த மணம்தான் இம்மடலை எழுதச் சொன்னது.

அகரம் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் ஆயுள் முழுதும் மிதிவண்டியில் தபால் சுமந்தவர் நீர். தொண்ணூறுகளின் இறுதியில் ஓய்வு பெற்ற மறுவாரமே என் வாசலில் வந்து நின்றீர். "சாமி, ரெண்டு சக்கரத்துல ஊருக்காக ஓட்டியாச்சு. ஒத்தச் சக்கரத்துல எனக்காகச் செத்த தூரம் போகணும். கூட வாங்க." சர்க்கஸில் பார்த்து முளைத்த ஓர் ஆசை அத்தனை காலம் உம்முள் வாய்மூடிக் கிடந்ததை அன்றுதான் அறிந்தேன்.

சர்க்கஸ்காரர்களுக்கு வண்டி கட்டித்தந்த கடையில் ஒற்றைச் சக்கர வண்டிகள் இரண்டு இருந்தன. ஒன்று சங்கிலி பூட்டிய, ஆளுயர வண்டி, மற்றது குட்டை. சுவாமி வாகனங்களை அண்ணாந்தே பார்த்துப் பழகிய நான் உயரமானதைக் காட்டினேன். கடைக்காரர் தலையசைத்து மறுத்தார்.

"மொத வண்டிக்கு இருபது இஞ்ச் சக்கரம் போதும். டயரு தடிமனா இருக்கணும். சீட்டு தொப்புள் உயரத்துக்கு நிக்கணும்."

நீர் வயிற்றைத் தடவிக்கொண்டீர். "தொப்புளப் பாத்து வருசமாச்சு. சாமி, நீங்க பாத்துச் சொல்லுங்க."

அளந்து திருகாணியை முடுக்கியவன் நான்தான்.

பள்ளி மைதானத்தில் சுவரிலிருந்து கொடிக்கம்பம் வரை எதையும் பிடிக்காமல் போய்விட வேண்டும். உமக்கு அவ்வளவே வேண்டியிருந்தது. புது வண்டியாயிற்றே என்று நான் பழக்கத்தில் இரண்டு எலுமிச்சை கொண்டுவந்தேன். ஒன்றைச் சக்கரத்தின்கீழ் வைத்து, ஏறி நசுக்கச் சொன்னேன். வெறும் வண்டியைக் கையால் உருட்டச் சொல்லியிருக்க வேண்டும். பழம் பிதுங்கிச் சக்கரம் நழுவ, இருவருமே மண்ணில் கிடந்தோம். "இன்னொன்னு மிச்சமிருக்குல்ல, ஜூஸ் போடுவோம்" என்றீர், எழாமலே.

அதன்பின் விடியல்தோறும் என் வலத்தோள் உமக்குப் பிடிமானமாயிற்று. கோயிலில் என் புராண விரிவுரை கேட்கும் ஒருவர் ஒரு நாள் நம்மைக் கண்டு, "என்ன சாமி, கூத்துக் கட்டப் போறீகளா?" என்று கேட்கும் வரை. மறுநாள் நான் வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லியனுப்பினேன்.

நான்காம் நாள் மனம் கேளாமல் வந்தேன். பள்ளிச் சுவரைப் பிடித்து நகர்ந்துகொண்டிருந்தீர். உள்ளங்கை சிராய்த்திருந்தது.

"காய்ச்ச விட்டுருச்சா? சுவரு நல்லாத்தான் தாங்குது சாமி. பேசத்தான் மாட்டேங்குது."

தோளைக் கொடுத்தேன். சிறிது தூரத்தில் உமது கனம் என் தோளைவிட்டு நீங்கியது. தனியே போனீர். நிறுத்தத் தெரியாமல் கொடிக்கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றீர். உமது முகத்தை நேராகப் பார்க்க எனக்குக் கூசிற்று.

நீர் மறைந்தபின் உம் மகள் வண்டியை என்னிடம் விட்டுச் சென்றாள். இருக்கை இன்னும் உமது உயரத்திலேயே நிற்கிறது. இன்று பழத்தை வைத்து, சக்கரத்தைக் கையால் மெல்ல உருட்டினேன். பிறகு சுவரைப் பிடித்தபடி கூடத்துக்கு வந்தேன். இப்போது எனக்கு முழங்கால் ஒத்துழைப்பதில்லை. வீட்டில் வேறு ஆளுமில்லை. நீர் சொன்னது சரி. சுவர் தாங்குகிறது.

அன்று எனக்குக் காய்ச்சல் இல்லை, நண்பரே. உமக்கும் அது தெரிந்திருக்கும். மேல்துண்டை இன்றும் இடத்தோளில் மட்டுமே போடுகிறேன். வலத்தோளை உமக்காக வெறுமையாக விட்டிருக்கிறேன்.

இதைப் படிப்போரும் அவர்தம் இல்லத்தாரும், சாயும் வேளையில் பேசும் தோள் ஒன்று அருகிருக்கப் பெற்று, நெடிது வாழ்க.