ரோஸ் பூசின விமானம்

சின்னவனுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தங்கையும் மூச்சும் பேச்சுமாக இருக்கிறோம், நீயும் அப்படி இருந்தால் எனக்குப் போதும். தங்கைக்குப் பல்வலி விட்டது, வாய்தான் ஓயவில்லை. உன் கடிதம் வந்தது. உனக்கு ரோஸ் நிற விமானம் கொடுக்கப்போகிறார்கள், கூட இருப்பவர்கள் சண்டைக்குப் போறியா கல்யாணத்துக்குப் போறியாடா என்று கேலி பண்ணுகிறார்கள் என்று சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கிறாய். மூன்று வருஷமாக விமானத்துக்குப் பெயிண்ட் அடிக்கிறவளிடமே மறைக்கப் பார்க்கிறாயே கண்ணு. விடியும்போதும் பொழுது சாயும்போதும் மேகம் அந்த நிறம்தான், அதில் ஒளிந்து தாழப் பறந்து எதிரி இடத்தைப் போட்டோ எடுக்கிற விமானம் அது. துணைக்கு இன்னொன்று போகாது, துப்பாக்கியையும் கழற்றிவிடுவார்கள்.

உன் அண்ணன் விஷயத்தில் நான் செய்ததை உனக்குச் சொன்னதில்லை, இப்போது சொல்லித்தான் ஆகவேண்டும். அவன் விமானத்தின் அடிப்பக்கத்துக்கு வான நீலம் நான்தான் பூசினேன். என் பிள்ளை ஏறுகிறது மற்றதைவிட அழகாக இருக்கட்டும் என்று, எல்லாரும் சாப்பிடப் போனபோது எண்ணெய்த் துணியால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கி வைத்தேன். மேஸ்திரி பார்த்துவிட்டு, ஐயோ என்னம்மா பண்ணி வெச்சிருக்கே, வெயில் பட்டா பத்து மைலுக்கு மின்னுமே என்று தலையில் அடித்துக்கொண்டார். மறுபடி பூசுவதற்குள் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவன் திரும்பவில்லை. என்னால்தான் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் மேஸ்திரி அதற்கப்புறம் என் முகத்தைப் பார்த்துப் பேசுகிறதில்லை.

நேற்று உன் விமானம் எங்கள் பெயிண்ட் கொட்டகைக்கு வந்தது, நீ எழுதின அதே நம்பர். வேற ஆள் பூசட்டுமாம்மா என்று மேஸ்திரி தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார், முடியாது என்றேன். துணியைக் கிட்டேயே கொண்டுபோகவில்லை, சாக்கட்டி மாதிரி சொரசொரவென்று இருக்கிறது. அங்கே எவனாவது அழகு பண்ணுகிறேன் என்று துடைக்க வந்தால் கையைத் தட்டிவிடு. ஏறும் முன்னே உள்ளங்கையால் தடவிப் பார், வழுக்கினால் ஏறாதே, எவன் அதட்டினாலும் சரி. வெறும் வயிற்றோடு பறக்காதே. என் ஆயுசையும் சேர்த்து நீ இருக்கணும் ராசா. ஒன்று மட்டும் மறக்காமல் எழுது. பூச்சு இருபது நாள்கூடத் தாங்காது, தேய்ந்தால் எந்த விமானமும் இங்கேதான் வந்தாகவேண்டும், போன மாதம் ரோஸ் பூசி நாலு அனுப்பினோம், இன்னும் ஒன்றுகூட மறுபூச்சுக்கு வரவில்லை. உங்கள் பக்கம் எங்கேயாவது நிற்கிறதா பார்த்துச் சொல்.

வாசலைப் பார்த்தபடி,
உன் அம்மா