கவுண்டருக்குக் கொடுத்த முப்பது தோட்டா

1958 டிசம்பர் 3, புதன்

மூட்டம். தோல் பதனிடும் என் தோல்ஷாப்பில் கொடி நிறையத் தோல், ஒன்றுகூடக் காயவில்லை. மதியம் மதுரை கிளப்பிலிருந்து கடிதம். ரிவால்வர் போட்டி 21 ஞாயிறு. ஆளுக்கு முப்பது தோட்டா. முதலில் வருபவர் மட்டும் சென்னைப் போட்டிக்கு.

போன இரண்டு தடவையும் சென்னைக்குப் போனவர் நெய்க்காரப்பட்டிக் கவுண்டர். இரண்டு தடவையும் இரண்டாவது நான். வயது ஐம்பத்தொன்று. வலது கண்ணில் புரை கட்டுகிறது என்கிறார் டாக்டர். குறி பார்க்கிற கண்ணே அதுதான். இந்தத் தடவை விட்டால் அப்புறம் வேடிக்கை பார்க்கத்தான் போக வேண்டும்.

சீமைத் தோட்டா கிடையாது. மதுரைக் கடைக்காரன் மூன்று வருஷமாக ஒரே பாட்டு: "வந்தா மொத டப்பா ஒங்களுக்குத்தான் பாய்." வந்தால்தானே! பழைய குப்பிகளில் நானே மருந்து அடைக்க வேண்டியதுதான். கையிருப்பு:

சுட்டு முடித்த பித்தளைக் குப்பி - 74
குப்பியின் அடியில் வைக்கும், ஊசி அடித்தால் பொறி தட்டும் கேப் - 62. இது தீர்ந்தால் போச்சு
மருந்து - அரை டின்
குண்டு வார்க்க ஈயம் - வேண்டிய மட்டும்
அடைக்கும் கைக்கருவி - ஒன்று. பிடி ஆடுகிறது

கேப்தான் கணக்கு. இரண்டு சோதனைக்கு, முப்பது பழக, முப்பது போட்டிக்கு.

டிச. 5, வெள்ளி

ஜும்மா முடிந்து வந்து பார்த்தால், என் மனைவி ஜைனம்பு குப்பிகளையெல்லாம் புளி போட்டுத் தேய்த்து முறத்தில் பரப்பியிருக்கிறாள். நான்தான் சொன்னேன். பித்தளை என்றால் புளி, வேறென்ன. தங்கம் தோற்றது. ஆனால் வானத்தில் வெயில் இல்லை.

"உள்ள ஈரம் நிக்கும்ங்க. அடுப்பு மேட்டுல ரெண்டு நா கெடக்கட்டும்" என்றாள்.

இரண்டு நாளாம். எனக்கா பொறுக்கும்?

டிச. 6, சனி

தோல்ஷாப்புக்குப் பின்னால், சிறுமலை பார்த்த மண்மேட்டில் சோதனை. உருண்டை மூக்குக் குண்டு ஒன்று, மொட்டை மூக்குக் குண்டு ஒன்று. உருண்டை அட்டையைக் கிழிக்கிறது. மொட்டை, காசு வெட்டியதுபோல வட்டமாக வெட்டுகிறது. புள்ளி எண்ணுபவரோடு தகராறே வராது. மொட்டைதான்.

முறத்திலிருந்து முப்பது குப்பியை அள்ளி வந்து அடைத்துவிட்டேன். மருந்து நிறுக்கவில்லை, கரண்டி அளவு. பழகத்தானே.

டிச. 8, திங்கள்

மீதிக் குப்பி காய்ந்தது. ஆசாரியிடம் பொன் தராசு இரவல். ஜைனம்பு: "ஒங்க கை நடுங்குது, நவுருங்க." அவளே முப்பதும் நிறுத்தாள். அடைத்து முடித்ததும் ஒவ்வொன்றையும் காதருகே ஆட்டிப் பார்த்தாள். "சலசலன்னு கேக்குது. நல்லாருக்கு." இவள் சுட வந்தால் நானும் கவுண்டரும் வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

டிச. 9, செவ்வாய்

எங்கள் தோலில் தைத்த என் இடுப்பு வாரில் சீமைத் தோட்டா ஆறு மிச்சம் இருந்தது. இன்று எடுத்தேன். ஆறும் பச்சை. வாரைத் தொட்ட இடமெல்லாம் களிம்பு, சுரண்டினால் குழி. ஆவாரம்பட்டையில் பதம் போட்ட தோல் பித்தளையைத் தின்கிறது. முப்பது வருஷம் ஆவாரம்பட்டையோடு புரண்டவனுக்கு இது தெரியவில்லை. நல்ல மூளை.

சாயங்காலம்தான் உறைத்தது. சித்திரையில் கவுண்டருக்கு ஒரு தோட்டாப் பெட்டி கொடுத்தேனே! அதே தோல், என் கையால் வெட்டித் தைத்தது. பத்திரமாக வைத்திருந்த ஐம்பது சீமைத் தோட்டாவையும் அன்றைக்கே அதில் அடுக்கினார். அவரிடம் கைக்கருவி கிடையாது. அந்த ஐம்பதுதான் அவருக்கு.

சொல்ல வேண்டும். நாளை கார்டு எழுதலாம்.

டிச. 10, புதன்

எழுதவில்லை. தோல் வாங்க ஆள் வந்துவிட்டார்கள்.

டிச. 11, வியாழன்

எழுதவில்லை. ஆள் யாரும் வரவில்லை.

டிச. 12, வெள்ளி

தொழுகையில் மனம் நிற்கவில்லை. சோற்றை அளைந்துகொண்டிருந்தேன்.

"வெஞ்சனம் நல்லால்லியா?" என்றாள் ஜைனம்பு.

சொல்லிவிட்டேன். முழுக்கக் கேட்டாள். அப்புறம், "அவரு ஜெயிச்சா மெட்ராசுக்குப் போவாரு. சொல்லாம ஜெயிச்சா நீங்க எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவீங்க?" என்றாள்.

கோபம் வந்தது. அவள் மேல் இல்லை.

டிச. 14, ஞாயிறு

பழனி பஸ், அங்கிருந்து நெய்க்காரப்பட்டி. கவுண்டர் தோப்பில் தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தார். இளநீர் வெட்டச் சொன்னார். நான் குடிக்காமலே, "பெட்டிய எடுங்க கவுண்டரே" என்றேன்.

திறந்தார். உள்ளே எல்லாம் பச்சை. பச்சைக்கு மேல் எண்ணெய்.

"ஐப்பசியிலயே பாத்துட்டனுங்க. நீங்க ஆசையாக் குடுத்த பெட்டி. எங்கூட்டு ஈரத்துல வெச்சுக் கெடுத்துப்போட்டனோன்னு ஒரே வெசனமுங்க. எப்படிங்க உங்ககிட்டச் சொல்றது? தேங்காயெண்ண போட்டுத் தொடச்சனுங்க. நாலு சுட்டுப் பாத்தேன், மூணு வெடிக்கலீங்க."

எண்ணெய் கேப்பையும் கொன்றுவிட்டது. என் தோல்தான் காரணம், செவ்வாய்க்கிழமையே தெரியும், ஐந்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். மனுஷன் சிரிக்கிறார். "அதுக்கு இம்புட்டுத் தொலவு வந்தீங்களாக்கும்! இந்த வருசம் நீங்க போயிட்டு வாங்க ராவுத்தரே."

"முப்பது தோட்டா கொண்டுவாரேன். நீங்க வந்தாகணும்" என்றேன். வாய் முந்திக்கொண்டது.

திரும்பும்போது, ஒட்டன்சத்திரம் தாண்டித்தான் யோசனை வந்தது. எந்த முப்பது?

டிச. 17, புதன்

மேஜையில் இரண்டு டப்பா. ஜைனம்பு நிறுத்தது ஒன்று, நான் பழகக் கரண்டியால் அள்ளியது ஒன்று; பழகவே இல்லை. நல்லதைக் கொடுத்தால் நான் தோற்பேன். கரண்டியைக் கொடுத்தால் நான் மனுஷனில்லை. இரண்டையும் எடுப்பதும் வைப்பதுமாகப் பொழுது போனது. தோலில் இரண்டு அழுகிவிட்டது, கவனிக்கவில்லை.

டிச. 20, சனி

இரண்டு டப்பாவையும் சோற்றுச் சட்டியில் கொட்டிக் கலக்கினேன்.

"அட அல்லாவே! ஒண்ணொண்ணா நிறுத்தது!" என்று ஓடி வந்தாள்.

"இனி அவன் பிரிச்சுக் குடுக்கட்டும்."

கண்ணை மூடிக்கொண்டு முப்பது எண்ணினேன். பிஸ்கட் டின்னில் போட்டேன், கவுண்டருக்கு.

டிச. 21, ஞாயிறு. மதுரை

ஜெயித்துவிட்டேன்!

நான் 258. கவுண்டர் 253. மற்றவர்கள் வெகு தூரம்.

காலையில் நடுவர் விதி சொன்னார்: தோட்டா வெடிக்காவிட்டால் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும், மாற்றுத் தோட்டா கொடுத்துச் சுட விடுவார்கள். என்னுடைய முப்பதும் வெடித்தது. கரண்டி எது, தராசு எது என்று தெரியவில்லை. கவுண்டர் அடுத்த தடுப்பில், கை ஆடாமல். கடைசி அட்டையில் மட்டும் ஒரு ஓட்டை குறைவு. "ஒண்ணு எங்கியோ ஓடிப்போச்சுங்க" என்றார். அவருக்கும் வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் சந்தோஷமாகவே நினைத்தேன்.

கையைப் பிடித்துக் குலுக்கினார். குப்பிகளை நான் கொடுத்த தோல் பெட்டியிலேயே போட்டுத் திருப்பிக் கொடுத்தார். "வெறும் குப்பிதானுங்களே. இனிமேப் பச்ச புடிச்சா என்ன?"

ஜைனம்புக்கு அல்வா.

டிச. 22, திங்கள்

நல்ல வெயில். தோல் காய்கிறது. ஜைனம்பு விடிந்ததும் புளி கரைத்துவிட்டாள். சென்னைக்குப் போடக் கோட்டு வேண்டும் என்கிறாள். கவுண்டரின் பெட்டியைச் சட்டியில் கவிழ்த்தேன்.

குப்பி இருபத்தொன்பது. குண்டோடு ஒன்று.

கேப்பின் நட்டநடுவில் ஊசி குத்திய பள்ளம். நன்றாக அடித்திருக்கிறது. வெடிக்கவில்லை. காதருகே ஆட்டினேன். சலசலப்பு இல்லை. மருந்து ஈரத்தில் கட்டிதட்டிக் கிடக்கிறது. 6ஆம் தேதி ஈரக் குப்பியில் அவசரமாக அடைத்த முப்பதில் ஒன்று.

கையைத் தூக்கியிருந்தால் இன்னொன்று சுட்டிருப்பார். ஆறு புள்ளி போதும் அவருக்கு, ஜெயிக்க. அவர் ஆறு சுட்டு நான் பார்த்ததில்லை, எட்டு ஒன்பதுதான். ஆனால் தூக்கியிருந்தால் நடுவர் வந்து, தோட்டாவை வாங்கிப் பார்த்து, "யாரு அடைச்சது?" என்று எல்லார் முன்னாலும் கேட்டிருப்பார்.

ஜைனம்பு வாங்கி ஆட்டிப் பார்த்தாள். என் உள்ளங்கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அழுகை வந்துவிட்டது எனக்கு. இந்த வயதில்.

கிளப்புக்குக் கடிதம் எழுதிவிட்டேன்: கவுண்டருக்கு ஒரு தோட்டா பாக்கி, அடைத்தது நான். தோட்டாவைத் தபாலில் போட விடமாட்டார்கள். மதுரை பஸ் பதினொன்றே காலுக்கு.