குட்டை நாற்காலிகள் கடல் தாண்டிய வாரம்

மார்ச் 6

மன்னித்துக்கொள், நோட்டே. உன்னை வாங்கியது சுங்க விதிகளை எழுதிப் படிக்க. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் உன் பக்கங்களில் சொந்தக் கதை எழுதினால், ஒட்டகம் மேய்த்துப் படிக்கவைத்த அப்பா என்ன நினைப்பார்? ஆனாலும் யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் — எங்கள் சுங்க முகவர் அலுவலகத்தை நடத்தும் ரௌஷன் அக்கா முதல் தடவையாக ஒரு சரக்குக் கோப்பை என்னிடம் தனியாகக் கொடுத்துவிட்டார்! சரியாக முடித்தால் வேலை நிரந்தரம்.

சரக்கு: கல்யாண மண்டபத்து நாற்காலிகள். மண்டபக்காரர் குல்யாஷ் அக்கா துருக்கியிலிருந்து வரவழைத்தார். வந்தவை குழந்தைகள் உட்காரும் உயரம். திருப்பி அனுப்பிவிட்டால் கட்டிய சுங்க வரி கைக்கு வரும். அதை வைத்துத்தான் நவ்ரூஸ் புத்தாண்டுக் கல்யாணங்களுக்கு வேறு நாற்காலி வாங்க வேண்டும். பயன்படுத்தாத பொருளாக இருக்க வேண்டும் என்பதால் சுங்க அதிகாரி கேட்டார்: "யாராவது உட்கார்ந்தாங்களா?"

"உட்காராம குட்டைன்னு எப்படித் தெரியும்? என் மச்சான் ஒருத்தர்தான் உட்கார்ந்தார். முழங்கால் மோவாய்ல இடிச்சுது. அதோட எழுந்துட்டார்" என்றார் குல்யாஷ் அக்கா.

அதிகாரி சிரிப்பை மறைக்க இருமினார். முத்திரை விழுந்தது.

மார்ச் 8

விடுமுறை. அம்மா கேட்டாள்: "உன் வேலைதான் என்னடி?"

"ஒரு பொருள் எப்போ நாட்டை விட்டுப் போச்சுன்னு சொல்றதும்மா."

"வாசலைத் தாண்டினா போச்சு. இதுக்கா இத்தனை வருஷம் படிச்சே?"

மார்ச் 10

வாசலைத் தாண்டினால் போகவில்லை, அம்மா!

மத்தியானம் நாற்காலிகளோடு காஸ்பியன் கடலுக்கு அக்கரையில், துருக்கிக்குப் போகும் வழியில் இருக்கும் பாகுவுக்குக் கப்பல் புறப்பட்டது. நல்லது நடந்தால் மிட்டாய் வீசாமல் நம் கசாக்கியர்களால் இருக்க முடியுமா? குல்யாஷ் அக்கா துறைமுகத்திலேயே பை பையாக வீசினார். சுமை தூக்குகிறவர்கள் விழுந்து பொறுக்கினார்கள். ஒன்று என் நெற்றியில் பட்டது. அப்புறம் ஒரு காற்று அடித்தது பார் — சாயங்காலம் கப்பல் திரும்பி வந்து, எங்கள் அக்தாவ் ஊர் முழுக்கப் பார்க்கும்படி நங்கூரம் போட்டு நின்றது.

"ஏத்தினா போனதா ஆகாது. கரையை விட்டு நகர்ந்தாலும் ஆகாது. எல்லையைத் தாண்டணும், தாண்டிச்சுன்னு சுங்கம் எழுதணும். திரும்ப இறக்கிட்டாங்கன்னா எல்லாம் முதல்லேர்ந்து" என்றார் ரௌஷன் அக்கா.

குல்யாஷ் அக்கா போனில்: "அப்ப மிட்டாயெல்லாம் திருப்பி வாங்கணுமா?"

நாளையிலிருந்து, கப்பல்களைக் கவனிக்கும் துறைமுகக் கோபுரத்துக்கு நான்தான் போன் செய்து விசாரிக்க வேண்டுமாம். நான்! மினி பஸ்ஸில் 'நிறுத்துங்க' என்று சொல்லக் கூச்சப்பட்டு, வேறு யாராவது இறங்கும் இடத்தில் இறங்கி நடந்து வருகிறவள்.

மார்ச் 11

கூப்பிட்டேன். எடுத்தவர் பெயர் தௌலெத்.

"உங்க நாற்காலிங்க எங்கேயும் போகல. என் ஜன்னலுக்கு நேரா நின்னு ஆடிட்டிருக்கு."

"காத்து எப்படி இருக்கு?"

"என் தொப்பி இந்நேரம் பாகு போய்ச் சேர்ந்திருக்கும். அதுக்கு வரி திரும்பக் கிடைக்குமா?"

"படிவம் குடுத்தீங்களா?" என்று கேட்டேன். நிஜமாகவே கேட்டேன்! அந்தப் பக்கம் அப்படி ஒரு சிரிப்பு. போனை வைத்துவிட்டு மேசைக்கு அடியில் பேனா தேடுவதுபோல் குனிந்து நானும் சிரித்தேன். பேனா கையிலேயே இருந்தது.

மார்ச் 12

மூன்று முறை கூப்பிட்டேன். ஒரு முறை போதும் என்று எனக்கே தெரியும். ஆரஞ்சு தின்றுகொண்டே பேசுகிறார். சுளை பிரிக்கும் சத்தம்கூடக் கேட்கிறது.

ரௌஷன் அக்கா: "கப்பல்தான் நங்கூரம் போட்டு நிக்குதே, நீ எதுக்குடி மிதக்கறே?"

மார்ச் 13

காற்று தணிகிறது. விடியும் முன் கப்பல் கிளம்பிவிடுமாம். குல்யாஷ் அக்காவுக்காகச் சந்தோஷம். வேலைக்காகச் சந்தோஷம். ஆனால் — ச்சே, என்ன ஜென்மம் நான்? கப்பல் எல்லை தாண்டிவிட்டால் அவரைக் கூப்பிட எனக்கு என்ன காரணம் இருக்கிறது? நேரில் பார்க்கலாமா என்று இன்று கேட்டுவிடத்தான் கூப்பிட்டேன். தொண்டை வரை வந்தது. "நன்றி" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஏற்றியாச்சு, புறப்பட்டும் ஆச்சு, திரும்பி வந்து நங்கூரம் போட்டாச்சு. இது எந்தக் கணக்கில் சேரும்?

மார்ச் 14

என் இரண்டு கைகளிலும் ஆரஞ்சுத் தோல் வாசனை. அவருக்குக் காதுகள் கொஞ்சம் பெரியவை. புதுத் தொப்பி அவற்றின் மேல்தான் நிற்கிறது.

ஐயோ, வரிசையாக எழுதுகிறேன். இன்று கோரிசு. குளிர்காலம் முழுக்கப் பார்க்காதவர்களைத் தேடிப் போய், இரண்டு கைகளையும் நீட்டிப் பிடித்து வாழ்த்துகிற நாள். அலுவலகத்தில் வாழ்த்தி முடிப்பதற்குள் சுங்கத்திலிருந்து வந்துவிட்டது: சரக்கு எல்லை தாண்டியது. குல்யாஷ் அக்கா வாசலில் பையோடு தயாராக நின்றார்.

"இப்ப சட்டப்படி வீசலாமாடி?"

"வீசுங்கக்கா!" கத்தியது நானா? தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரௌஷன் அக்கா தன் தலையிலிருந்து மிட்டாயை எடுத்துப் பிரித்தபடியே, "திங்கட்கிழமை நிரந்தர ஆளா வந்து சேரு" என்றார்.

அப்புறம் துறைமுகக் கோபுரத்துக்குக் கீழே போய் நின்று போன் செய்தேன்.

"கப்பல் போயிடுச்சே, அக்மரால். சுங்கத்திலேர்ந்து வந்திருக்குமே. இன்னும் என்ன வேணும்?"

கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். இந்த முறை எல்லை தாண்டிவிட்டது:

"இன்னைக்குக் கோரிசு. எல்லாரையும் பாத்தாச்சு. உங்களைத்தான் நான் இன்னும் ஒரு தடவைகூடப் பாக்கல. கொஞ்சம் கீழே இறங்கி வர்றீங்களா?"